ஒரே வளவில் பத்துக் குடித்தனம்!

மார்க்கையன்கோட்டையில் ஒரு வளவு. வாசல் ஒன்று; வீடு பத்து. தபால்காரர் எப்படிச் சரியான வீட்டில் கடிதம் கொடுக்கிறார்? உறையின் மேல் பெயர் இருக்கிறது. கதவு எண்ணும் இருக்கிறது.

இன்டர்நெட்டிலும் இப்படிப்பட்ட வளவுகள் உண்டு. அதற்குப் பெயர் சர்வர். இரவு பகல் ஓயாமல் வேலை செய்யும் கம்ப்யூட்டர் அது. நெல் வியாபாரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் ஆகிய மூன்றின் இணையதளங்களும் ஒரே சர்வரில் குடியிருக்கலாம். வாடகை குறையும். ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் "டொமைன்".

வகுத்தவர் ஓர் இந்தியர்

நெல் வியாபாரி புதிய விலைப் பட்டியலைத் தன் தளத்தில் வைக்க வேண்டும். கடையில் உள்ள கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்கு அதை அனுப்ப ஒரு முறை இருக்கிறது. "எப்.டி.பி." என்று பெயர்.

இதை வகுத்தவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர். 1965-ம் ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் அணியைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971-ம் ஆண்டு ஏப்ரலில் இந்த முறையை எழுதி வெளியிட்டார்.

கதவு எண் இல்லை!

அப்போது டொமைன் என்பதே கிடையாது. ஆகவே "எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?" என்று எப்.டி.பி. கேட்பது இல்லை. வருகிறவர் தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் மட்டும் சொல்வார்.

இரண்டு வீட்டிலும் ஒரு முருகன் இருந்தால்? குழப்பம்தான்! அதனால் பெயரோடு டொமைனையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவர் "நெல்கடை முருகன்". மற்றவர் "பள்ளிக்கூட முருகன்". சர்வர் உடனே ஆளைக் கண்டுகொள்ளும்.

எந்த வீடு என்று முதலிலேயே சொல்ல, 2014-ம் ஆண்டு ஒரு கட்டளையையும் சேர்த்தார்கள். ஆனால், எல்லா சர்வர்களுக்கும் அது புரியாது.

வீட்டுக்கு ஒரு பூட்டு

ஆளைக் கண்டுகொண்டால் மட்டும் போதாது. அவரவர் வீட்டுக்குள் மட்டுமே அவரவரை விடவேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துக்காரர் கை தவறி ஒன்றை அழிப்பார். மண்டபத்தின் படங்கள் எல்லாம் போய்விடும்! ஒரு வீட்டுச் சாவி திருடன் கையில் கிடைத்தால், பத்து வீடும் பறிபோகும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சாவி. அடுத்த அறை அவர் கண்ணிலேயே படக்கூடாது.

தெருவில் கூவலாமா?

பழைய எப்.டி.பி.யில் பெரிய குறை ஒன்று உண்டு. ரகசியச் சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிடும். சாவி இருக்கும் இடத்தைத் தெருவில் நின்று கூவுவது போல! வழியில் ஒட்டுக்கேட்பவன் எடுத்துக்கொள்வான். பயர்பாக்ஸ், குரோம் இரண்டுமே 2021-ம் ஆண்டு எப்.டி.பி.யைக் கைவிட்டன.

இப்போது "எஸ்.எப்.டி.பி." என்ற வேறு முறை இருக்கிறது. இது எல்லாவற்றையும் பூட்டிய பெட்டியில் வைத்து அனுப்பும்.

உங்கள் கடைக்கு இணையதளம் வைக்கப் போகிறீர்களா? சர்வர்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்குத் தனிப் பெயர் உண்டா? என் அறைக்குத் தனிப் பூட்டு உண்டா? பூட்டிய பெட்டியில் அனுப்பலாமா?

மூன்றுக்கும் "உண்டு" என்றால், தைரியமாகக் குடி போகலாம்!