நகத்திற்கும் ஓர் இடம் வேண்டும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் மக்களின் இல்லங்களுள் பல, ஓர் அறையே கொண்டவை. அவ்வறையில் விரிக்கப்படும் ஜமக்காளமே பகலில் விருந்தினர் அமரும் இடம்; மாலையில் பிள்ளைகள் படிக்கும் இடம்; செபமாலை வேளையில் சிற்றாலயம்; இரவில் படுக்கை. ஆகவே, அத்தகைய இல்லம் ஒன்றை நாம் சந்திக்கச் சென்றிருந்தபோது, பூனை ஜமக்காளத்தைக் கிழித்துவிட்டது என்று ஒரு தாய் கண்கலங்கிக் கூறியதைக் கேட்டு, இதுவும் ஒரு குறையா என்று நாம் நகைக்கவில்லை.

அது அவருடைய திருமணச் சீராக வந்த பவானி ஜமக்காளம். தடித்த பருத்தி நூலால், பட்டை பட்டையாய் வண்ணமிட்டுக் கைத்தறியில் நெய்யப்பட்டது. அதன் ஓரத்தில் ஒரு சாண் அகலத்திற்கு நூல்கள் அறுந்து, தும்பு தும்பாய் நின்றன.

“அடிச்சும் பார்த்துட்டேன், சாமி. மிளகாய்த்தூளும் தூவிப் பார்த்துட்டேன். நாளைக்குக் கோணியில கட்டிக் காசிமேட்டுல விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்” என்றார் அவர்.

கதவோரம் நின்ற அவருடைய மகள் ஒன்றும் பேசவில்லை. பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாட்டி மட்டும், “எலிக்குப் பயந்துதானே பூனையக் கொண்டாந்தோம்? நாளைக்கு எலி சீலையக் கடிச்சா, அத எந்தக் கோணியில கட்டுவே?” என்று முணுமுணுத்தார்.

“சில வாரங்கள் பொறுங்கள், அம்மா” என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம். கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகி நாம் அறிந்துகொண்டவற்றை, இதே தொல்லையுள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகின்றோம்.

முதலில் உணர வேண்டியது இதுவே: பூனை கீறுவது குறும்பினாலும் அன்று, பழிவாங்கவும் அன்று. அதன் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்களும், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்களும் உள்ளன. நகம் அடுக்கடுக்காய் வளர்கின்றது. முன்னங்கால் நகங்களின் பழைய மேலுறை, சொரசொரப்பான பொருளில் கீறும்போது கழன்று விழும். பிறை வடிவில் மெல்லிய தோடுகளாக அதனைப் பாயிலும் ஜமக்காளத்திலும் காணலாம். உறங்கி எழுந்ததும் முதுகையும் தோள்களையும் நீட்டி நிமிர்த்தவும் பூனை அவ்வாறு கீறுகின்றது. அன்றியும், அதன் பாதங்களிலுள்ள சுரப்பிகள், நம் மூக்கு அறியாத ஒரு வாசனையைக் கீறிய இடத்தில் விட்டுச் செல்கின்றன. “இது என் வீடு” என்று அது இட்டுச் செல்லும் அடையாளம் அது. எனவேதான் மீண்டும் மீண்டும் அதே இடத்தை நாடுகின்றது.

இயல்பாய் உள்ள ஒன்றை அடித்து அகற்ற முடியுமோ? முடியாது. அடிபட்ட பூனை கீறுவதை விடுவதில்லை. நாம் இல்லாத நேரம் பார்த்துக் கீறக் கற்றுக்கொள்கின்றது. ஆகவே அதற்கு வேறோர் இடம் தருவதே வழி.

இரண்டரை அடி நீளமுள்ள கனத்த பலகை ஒன்றை எடுத்து, அதன்மேல் தென்னை நார்க் கயிற்றை இடைவெளியின்றி இறுகச் சுற்ற வேண்டும். கோணித்துணியை இழுத்துப் போர்த்தித் தைத்தாலும் போதும். ஆணிமுனை எதுவும் வெளியே தெரியலாகாது. பலகை ஆடக் கூடாது. ஆடினால் பூனை அதனை நம்பாது. சில பூனைகள் தரையில் கீறும். சில நின்றபடி கதவிலும் தூணிலும் கீறும். ஜமக்காளத்தைக் கீறும் பூனைக்குப் பலகையைத் தரையில் கிடத்த வேண்டும். நின்று கீறும் பூனைக்கு, அது முழுவுடலையும் நீட்டத்தக்க உயரத்தில், ஏறத்தாழ மூன்றடிச் சவுக்குக் கட்டையில் கயிறு சுற்றி அசையாமல் நிறுத்த வேண்டும்.

அப்பலகையை மூலையில் ஒளித்து வைத்தல் கூடாது. பூனை எவ்விடத்தைக் கிழித்ததோ அவ்விடத்திலேயே வைக்க வேண்டும். அதில் கீறப் பழகிய பின்னர், நாளுக்குச் சிறிதாக நமக்கு வேண்டிய இடத்திற்கு நகர்த்திக் கொள்ளலாம். பலகையில் கீறிய அந்தக் கணமே வேகவைத்த நெத்திலித் துண்டு ஒன்றைக் கொடுத்தால், அது விரைவில் கற்றுக்கொள்ளும். ஜமக்காளத்தைத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் பழைய வாசனை குறையும். தேவையற்ற வேளையில் சுருட்டி வைப்பது இன்னும் நலம்.

மிளகாய்த்தூள், பினாயில், பாச்சை உருண்டை ஆகியவற்றைப் பயன்படுத்தவே கூடாது. பூனை தன் பாதங்களை நக்கும் பிராணி. பினாயிலும் பாச்சை உருண்டையும் அதற்கு நஞ்சு. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டிவிடலாம். உள்ளே இளஞ்சிவப்பாய்த் தெரியும் பகுதியில் இரத்தமும் உணர்வும் உண்டு, அதனைத் தொடலாகாது. அயல்நாடுகள் சிலவற்றில் நகத்தை அடியோடு நீக்கும் வழக்கம் இருந்து வந்தது. அது நகம் வெட்டுதல் அன்று, விரலின் கடைசி எலும்பையே துண்டித்தல். இக்கொடுமையைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலமும் 2019இல் தடைசெய்தது.

பிள்ளைகளைப் பூனை கீறினாலோ கடித்தாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட மறத்தலாகாது.

கோணியில் கட்டிக் கொண்டுபோய் விடுவதைப் பற்றியும் ஒரு சொல். பட்டினியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விலங்குகளை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. மனிதரின் வறுமையைப் போக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று அந்நூலே கூறுகின்றது. பழைய பலகைக்கும் முழம் சில கயிற்றுக்கும் எவருடைய உணவும் குறையப் போவதில்லை.

பெரு நாட்டின் லீமா நகரில் வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸை (1579–1639) நாம் அறிவோம். சாமிநாதர் சபை மடத்தில் நோயாளரைப் பேணிய எளிய சகோதரர் அவர். 1962இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்ணும் காட்சியோடு அவருடைய படத்தை வரைவது வழக்கம். மடத்துத் துணிகளை எலிகள் கடித்துப் பாழாக்கியபோது, நஞ்சு வைக்க வேண்டும் என்றனராம் மற்றவர்கள். அவரோ, எலிகளைத் தோட்டத்திற்குச் செல்லுமாறு பணித்து, நாள்தோறும் அங்கே உணவு வைத்தார் என்று மரபு கூறுகின்றது. “இங்கே வேண்டாம்” என்று விலக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. “அங்கே செல்” என்று ஓர் இடமும் காட்டினார். சொன்ன சொல்லையும் காத்தார்.

பிள்ளை வளர்ப்பிலும் இது பொருந்துமன்றோ? சுவரில் கிறுக்காதே என்று அடிக்கும் நாம், கிறுக்குவதற்கு ஒரு பலகை வாங்கித் தருகின்றோமா? தெருவில் ஓடாதே என்று தடுக்கும் நாம், ஓடுவதற்கு ஓர் இடம் காட்டுகின்றோமா? மறுப்பு மட்டும் கேட்டு வளரும் உள்ளம், மறைவில் செய்யக் கற்றுக்கொள்கின்றது.

ஒரு திங்கள் கழித்து அவ்வில்லத்தில் நடந்த செபக் கூட்டத்திற்குச் சென்றோம். ஜமக்காளத்தின் கிழிசலை அத்தாய் தடித்த நூலால் தைத்திருந்தார். தையல் நன்றாகவே தெரிந்தது. சுவரோரம் ஒரு பலகை கிடந்தது. பூனையைக் கட்டுவதற்கென எடுத்து வைத்திருந்த கோணிதான் அதன்மேல் தைக்கப்பட்டிருந்தது. நாம் செபமாலையைத் தொடங்கிய வேளையில் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, அக்கோணியை நான்கு முறை கீறிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. சிறுமி நம்மைப் பார்த்தாள். அத்தாய் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டே அடுத்த அருள்நிறை மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார்.