புகைப்படங்களைப் பழுதின்றிக் காப்பது எப்படி?

கூட்டுறவுச் சங்கத்தின் ரொக்கப் பெட்டிக்குப் பூட்டு உண்டு; பேரேட்டுக்குத் தணிக்கை உண்டு; இருப்புச் சரக்குக்கு ஆண்டுதோறும் சரிபார்ப்பு உண்டு. ஆயினும் இவற்றுக்கு நிகரான வேறொரு செல்வம் இன்று பல சங்கங்களில் காரியதரிசியின் கைப்பேசியில் காவலின்றிக் கிடக்கிறது. நெசவாளர் சங்கங்களில் அது பழைய சேலைக் கரைகளின் படம். விவசாயிகள் சங்கங்களில் அது நோய் கண்ட இலையின், வெள்ளம் புகுந்த வயலின் படம். அத்தகைய படங்களை, எடுத்தபோது இருந்த தரம் சிறிதும் குறையாமல் காத்து வைக்கும் முறையை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சங்கத்தில் நேர்ந்தது

நாம் ஆய்வு செய்யும் நெசவாளர் சங்கம் ஒன்றில், மூத்த அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் தமது திருமணச் சேலையைப் படம் எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். அவ்வூரில் இப்பொழுது எவரும் நெய்யாத கரை அது. காரியதரிசி கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றை 14 படங்களாக எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவ்வாண்டு ஆய்வின்போது, "இப்படங்களுக்கு நகல் உண்டா?" என்று கேட்டோம். "குழுவில் எல்லாரிடமும் இருக்கிறதே, ஐயா" என்றார் அவர். நாமும் சரியென்று குறித்துக்கொண்டு திரும்பினோம். அது நமது பிழை.

சில மாதங்களில் கைப்பேசி நீரில் விழுந்து பயனற்றுப் போயிற்று. அதற்குள் அவ்வம்மையாரின் குடும்பத்தார் செலவுக்கு வழியின்றி, சரிகைக்காகப் பழம் பட்டு வாங்கும் வியாபாரியிடம் சேலையை விற்றுவிட்டனர். வெள்ளிக்காக எரிக்கப்பட்ட சேலை மீண்டும் வருமா? குழுவில் இருந்த படங்களைக் கொண்டு கிராப் தாளில் கரையை வரைய முயன்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது, இழை இழையாகத் தெரிய வேண்டிய இடத்தில் நிறக் கறையே தெரிந்தது. 14 படங்களில் 3 மட்டுமே இழை எண்ணத் தக்கவையாக இருந்தன. அவற்றைக் காரியதரிசி, இளம் நெசவாளர் ஒருவருக்கு 'டாக்குமெண்ட்' என்னும் வழியில் தனியே அனுப்பியிருந்தார்.

ஒரே கைப்பேசி, ஒரே சேலை, ஒரே நாள். அவ்வாறிருக்க 3 படங்கள் பிழைத்ததும் 11 படங்கள் கெட்டதும் ஏன்?

நகல் வேறு, சுருக்கம் வேறு

கைப்பேசியில் உள்ள படம் உண்மையில் எண்களின் வரிசையேயாகும். அகலத்தில் 4000 புள்ளிகளும் உயரத்தில் 3000 புள்ளிகளும் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்களாகக் குறிக்கப்படுகிறது. பேரேட்டின் எண்களைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதினால், பத்தாம் நகலும் மூல ஏட்டுக்கு நிகரே அன்றோ? படமும் அவ்வாறே. கோப்பினை உள்ளபடியே எத்தனை முறை நகல் எடுத்தாலும் அதன் தரம் இம்மியும் குறைவதில்லை.

ஆனால், பேரேடு முழுவதையும் பெயர்த்தெழுதாமல், "சுருக்கம் போதும்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் என்னவாகும்? அச்சுருக்கத்தினின்று மூல ஏட்டை எவராலும் மீண்டும் எழுத முடியாது. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பும்போது நிகழ்வது இதுவே. விரைந்து செல்வதற்காக, சாதாரணத் தரத்தில் படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகக் குறைக்கப்படுகிறது. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் சுமார் 19 லட்சமாகிவிடுகின்றன.

இதனைத் தறிக் கணக்கில் பார்ப்போம். 10 அங்குல அகலமுள்ள துணிப் பகுதி படத்தின் முழு அகலத்தையும் நிரப்புவதாகக் கொள்க. மூலப் படத்தில் அங்குலத்துக்கு 400 புள்ளிகள். சுருங்கிய படத்தில் 160. பாவில் அங்குலத்துக்கு 80 இழைகள் இருப்பின், மூலத்தில் இழைக்கு 5 புள்ளிகள் கிடைக்கும். சுருக்கத்தில் 2 புள்ளிகளே கிடைக்கும். ஐந்து புள்ளிகளில் இழையும் இழைகளுக்கு இடையே உள்ள கோடும் தெளிவாகத் தெரியும். இரண்டில் அவை தட்டுத் தடுமாறியே நிற்கும்.

இதன்மேல் இரண்டாவது இழப்பு ஒன்றும் உண்டு. படங்கள் பெரும்பாலும் 'ஜேபெக்' என்னும் முறையில் சேமிக்கப்படுகின்றன. 1992-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடுகிறது. நிற வேறுபாடுகளைப் பெரும்பாலும் இன்னும் குறைந்த நுட்பத்திலேயே வைத்துக்கொள்கிறது. முகத்தின் படத்துக்கு இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால், சிவப்புப் பாவில் பச்சை இழை ஓடும் கரைக்கு இது பெருங்கேடு. கழிக்கப்படும் அந்த நுண்மையே நமக்கு வேண்டியது. விவசாயிக்கும் இந்நிலையே: 1 மில்லிமீட்டர் அளவே உள்ள இலைப்பேன் சுருங்கிய படத்தில் வெறும் தூசியாகத் தோன்றும்.

கைப்பேசி படத்தைச் சேமிக்கையில் இக்கழிவு ஒரு முறை நிகழ்கிறது, அது ஏற்கத்தக்கதே. படத்தைத் திறந்து பார்ப்பதனால் மேலும் இழப்பு இல்லை. வெட்டியோ ஒளி கூட்டியோ மீண்டும் சேமித்தால் மீண்டும் கழிவு உண்டு. ஆகவே திருத்தங்களை நகலில் செய்க, மூலத்தைத் தொடற்க. திரையில் தெரிவதைப் பிடித்து வைக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் நகல் ஆகாது.

மூலக் கோப்பில் படம் எடுத்த நாளும் நேரமும், வசதி இயக்கப்பட்டிருந்தால் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அக்குறிப்புகள் நீங்கிவிடும். பயிர்ச் சேதத்தைப் படம் எடுப்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

குறையாமல் கொண்டுசெல்லும் வழிகள்

முதலாவதும் சிறந்ததும் கம்பி வழி. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, கோப்பு மாற்றத்துக்கு அனுமதி கொடுத்து, 'டிசிஐஎம்' என்னும் உறைக்குள் உள்ள கேமரா உறையை முழுமையாக நகல் எடுக்க வேண்டும். இதற்கு இணையம் தேவையில்லை, செலவும் இல்லை.

இரண்டாவது, வாட்ஸ்அப்பிலேயே படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புவது. கோப்பு உள்ளபடியே செல்லும். 2023-இல் வந்த 'எச்டி' வசதி சாதாரண முறையைவிட மேலானது. எனினும் அதுவும் மூலம் அன்று.

மூன்றாவது, கூகுள் போட்டோஸ் போன்ற இணையக் கிடங்கு. அங்கு இரு தரங்கள் உண்டு. 'ஒரிஜினல் குவாலிட்டி' என்பது உள்ளபடியே வைப்பது. 'ஸ்டோரேஜ் சேவர்' என்பது சுருக்கி வைப்பது. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அது அளவிலும் குறைத்துவிடும். அமைப்பைத் திறந்து முதல் தரத்தைத் தேர்ந்திருக்கிறோமா என்று பார்த்தல் வேண்டும். இலவச இடமான 15 ஜிபி, மின்னஞ்சல் முதலியவற்றுக்கும் பொதுவானது. சுருக்கிய படங்களுக்கு இருந்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. படம் ஒன்றுக்கு 4 எம்பி வீதம் கொண்டால் 15 ஜிபியில் சுமார் 3,700 படங்கள் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்செயலியில் ஒரு படத்தை அழித்தால், கைப்பேசியிலும் கிடங்கிலும் ஒருங்கே அழியும். குப்பைப் பெட்டியில் 60 நாள் இருந்து பின் அடியோடு மறையும். எனவே இணையக் கிடங்கு ஒன்றையே நம்பியிருத்தல் தகாது.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. படத்துக்கு 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 வேறிடத்தில் இருக்க வேண்டும். சங்கக் கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையக் கிடங்கில் மூலத் தரத்தில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம்.

வேறிடம் எதற்கு? 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம் புகுந்ததை நினைவுகூர்க. கணினியும் டிஸ்கும் ஒரே பீரோவில் இருப்பின் இரண்டும் ஒன்றாகவே மூழ்கும். டிஸ்கைத் தலைவர் வீட்டிலோ அண்டைச் சங்கத்திலோ வைத்தல் நன்று. பென் டிரைவை நெடுநாள் வைப்புக்கு நம்ப வேண்டாம். மின்சாரம் பெறாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் கசிந்து பதிவுகள் கெடக்கூடும். ஹார்டு டிஸ்கோ கீழே விழுந்தால் கெடும். எதுவும் நிரந்தரமன்று, ஆதலால்தான் மூன்று.

சரிபார்த்தல்

சரக்கு இருப்பை எண்ணிப் பார்க்காமல் ஏட்டை நம்பும் தணிக்கையாளர் இல்லை. நகல் எடுத்த பின், இரு உறைகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட வேண்டும். மூலம் 4 எம்பி, நகல் 300 கேபி என்றிருந்தால் அது நகலன்று, சுருக்கம். சில படங்களைத் திறந்து, பெரிதாக்கி, இழை தெரிகிறதா என்றும் காண வேண்டும். படத்தின் பொருள், துணியோ நிலமோ உரியவரின் பெயர், எடுத்த நாள், 3 பிரதிகளும் உள்ள இடம் ஆகியவற்றைக் குறிக்க ஒரு பதிவேடு போதும்.

2011 முதல் மார்ச் 31-ஆம் நாளை உலகக் காப்புப் பிரதி நாளாகப் பலர் கொண்டாடுகின்றனர். நம் சங்கங்களுக்கு அது கணக்கு முடிக்கும் நாளுமாகும். ரொக்கத்தையும் சரக்கையும் சரிபார்க்கும் அதே நாளில் படங்களையும் சரிபார்க்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்தல் நலம். இனி நமது ஆய்வில் அப்பதிவேட்டையும் கேட்போம். "குழுவில் இருக்கிறது" என்னும் விடையை ஏற்கமாட்டோம்.

மேற்சொன்ன சங்கத்தில், பிழைத்த 3 படங்களைக் கொண்டு கரை மீண்டும் தறியேறியிருக்கிறது. அவ்வம்மையார் வந்து பார்த்தார். கரையைத் தடவி மகிழ்ந்தவர், "முந்தானை எங்கே, ஐயா?" என்று கேட்டார். முந்தானை அந்த 11 படங்களில் இருந்தது. நம்மால் விடை கூற இயலவில்லை. அத்தகைய கேள்வி வேறு எந்தச் சங்கத்திலும் எழாதிருக்க, அங்கத்தினர்கள் இவ்வாரமே தம் கைப்பேசிப் படங்களை உள்ளபடியே நகல் எடுத்து வைக்குமாறு வேண்டுகிறோம்.