வளர்ப்பு நாய், பூனை இறக்குமதியும் நோய்த்தடுப்பும்

வளர்ப்பு விலங்கு இறக்குமதியில் நோய்த்தடுப்பு என்பது, வெளிநாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளுடன் நோய்க்கிருமிகள் நாட்டுக்குள் நுழையாமலும், வந்த விலங்கு உள்ளூர் நோய்களுக்கு ஆளாகாமலும் காக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் மாமல்லபுரம் கடற்கரை ஊர்களுக்கும் அருகிலுள்ள நுழைவாயில், மீனம்பாக்கத்தில் அமைந்த சென்னைப் பன்னாட்டு விமான நிலையம் ஆகும். அங்கு வந்திறங்கும் விலங்குகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளிக்கரணையில் உள்ளது.

நோயரும்பு காலம்

இறக்குமதி விதிகள் பலவற்றுக்கும் அடிப்படை நோயரும்பு காலம். கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே இது. வெறிநோயில் (ரேபிஸ்) இது பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீளும். அதுவரை அந்த நாய் நன்றாக உண்டு, ஓடி விளையாடும். அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே அதன் உமிழ்நீரில் வைரசு வெளிப்படத் தொடங்கிவிடும். ஆகவே, விமான நிலையத்தில் ஒரு விலங்கு நலமாகக் காணப்படுவது மட்டும் போதிய சான்றாகாது. அதன் கடந்த சில மாத வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் நடைமுறையும்

விலங்கு இறக்குமதியை 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வெளிநாட்டில் வசித்து, இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து வருவோர் இரண்டு வளர்ப்பு விலங்குகள் வரை பயணப் பொதியாகக் கொண்டுவர வழியுண்டு. வணிகத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் நாய்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2016 ஏப்ரலில் தடை விதித்தது.

விலங்கைக் கொண்டுவருபவர் முன்கூட்டியே தடையின்மைச் சான்று பெற வேண்டும். புறப்படும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் அளித்த நலச்சான்றும் தடுப்பூசிப் பதிவேடும் உடன் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக் குறைந்தது ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. தடுப்பூசி போட்ட உடனே பாதுகாப்புக் கிடைத்துவிடாது. எதிர்ப்பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். தோலுக்கடியில் பொருத்தப்படும் நுண்சில்லு, சான்றிதழில் குறிப்பிடப்பட்ட விலங்கு இதுதான் என்பதை உறுதிசெய்கிறது.

வரலாறு தரும் பாடம்

நாய்களைத் தாக்கும் பார்வோ வைரசு 1978இல் அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அது உலகின் பெரும்பகுதிக்குப் பரவியது. இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்ககால அறிக்கைகளுள் ஒன்று 1982இல் சென்னை ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் நாய்க்குட்டிகளுக்குப் போடப்படும் வழக்கமான தடுப்பூசிகளில் பார்வோ தடுப்பூசியும் ஒன்று. ஒரு புதிய கிருமி நுழைந்து நிலைத்துவிட்டால், அதன்பின் அதனுடன் வாழவே நேரிடுகிறது.

கடும் கட்டுப்பாடுகளுக்குப் பெயர்பெற்ற ஆஸ்திரேலியாவும் இதற்கு விலக்கல்ல. உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா நோய், 2020 மே மாதத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதி நாய்களில் கண்டறியப்பட்டது. அந்நாட்டை விட்டு வெளியே சென்றிராத நாய்களில் இந்நோய் காணப்பட்டது அதுவே முதன்முறை.

வந்த விலங்குக்குள்ள இடர்கள்

குளிர்நாட்டில் வளர்ந்த நாய்க்குக் கடற்கரைச் சூழல் புதியது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான ஊர்களில் தெருநாய்கள் கட்டின்றித் திரிகின்றன. எர்லிக்கியாவைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணி இவ்வெப்பநிலையில் ஆண்டு முழுவதும் பெருகும். வீட்டுச் சுவர் இடுக்குகளிலும் தங்கும். காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம் கசிதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்குநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். இது மனிதரையும் தாக்கும்.

எனவே, அதிகாரிகள் விலங்கை விடுவித்த பின்னரும் சில வாரங்கள் வீட்டிலேயே தனித்து வைத்திருப்பது நல்லது. இக்காலத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை:

• முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணித் தடுப்பு மருந்தைத் தொடங்குதல்.
• தெருநாய்களுடனும் வீட்டிலுள்ள பிற விலங்குகளுடனும் கலக்கவிடாதிருத்தல்.
• உணவு, நீர்க் கிண்ணங்களைத் தனியே வைத்தல்.
• காய்ச்சல், வாந்தி, நடத்தை மாற்றம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவருதல்.

கடியோ கீறலோ ஏற்பட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்த விலங்குக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்பதற்காக மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி தோன்றிய பின் வெறிநோயைக் குணப்படுத்த நிலையான சிகிச்சை ஏதுமில்லை.

திரும்பிச் செல்லுதல்

வெறிநோய் மிகுந்த நாடாக இந்தியா கருதப்படுவதால், இங்கிருந்து திரும்பும் விலங்குகளுக்குக் கட்டுப்பாடுகள் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் விலங்கின் இரத்தத்தில் வெறிநோய் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 பன்னாட்டு அலகு இருக்க வேண்டும். தடுப்பூசி போட்டு 30 நாட்களுக்குப் பின் இரத்தம் எடுத்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து புறப்படும் முன்பே இச்சோதனையில் தேறி, தடுப்பூசியையும் காலம் தவறாமல் தொடர்ந்த விலங்குக்கு இக்காத்திருப்பு இல்லை. ஆகவே, திரும்பிச் செல்லும் எண்ணமுடையோர் வரும்போதே இதைத் திட்டமிடுவது நல்லது.