லாரிக்கு ஏ.சி. வந்தாச்சு! கியாஸ் கசிந்தால்...?

சேலம்,

சித்திரை வெயிலில் சங்ககிரி ரோட்டில் லாரி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும், டிரைவர் கேபின் ஒரு அடுப்பு என்று. தலைக்கு மேலே வெயில். காலடியில் என்ஜின் சூடு!

புது லாரிகளில் இனி அந்தக் கஷ்டம் இல்லை. 1-10-2025 முதல் தயாராகும், 3½ டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்த உத்தரவைப் போட்டது. லாரியை நம்பிப் பிழைக்கும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்துக்கு இது நல்ல சேதி.

ஆனால் ஏ.சி. குழாய்க்குள் ஓடும் கியாஸ் பொல்லாதது!

என்ன கியாஸ்?

நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது "ஆர்-134ஏ". நிறம் கிடையாது. லேசில் தீப்பிடிக்காது. அழுத்தம் குறைந்தால் சட்டென்று ஆவியாகும். அப்போது சுற்றிலும் உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் குளிர்தான் கேபினுக்குள் வீசுகிறது. பிறகு கம்ப்ரசர் அதை அழுத்த, சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது.

மேட்டூர் தொடர்பு

முன்பு வண்டிகளில் ஓடியது "ஆர்-12". இந்த வகை கியாஸ் தயாரித்த நாட்டின் 4 கம்பெனிகளில் ஒன்று, நம்ம மேட்டூரில் ஆலை வைத்திருந்தது.

பூமிக்குக் குடை பிடிக்கும் ஓசோன் படலத்தை இந்த கியாஸ் அரிக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். 1987-ல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. 1-8-2008 முதல், ஆஸ்துமா மருந்துத் தேவை தவிர, இங்கே உற்பத்தி நின்றது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. ஓசோனுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், கரியமில வாயுவைவிட சுமார் 1,400 மடங்கு வலு! அரை கிலோ கசிந்தால், சுமார் 250 லிட்டர் டீசலை எரித்த புகைக்குச் சமம்.

இதையும் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் முடிவானது. 2021-ல் இந்தியா ஒப்புதல் தந்தது. 2032-ல் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ போட அனுமதி இல்லை. அங்கே "ஆர்-1234ஒய்எஃப்" என்ற கியாஸ் வந்துவிட்டது. பூமியை அவ்வளவாகச் சூடாக்காது. விலைதான் அதிகம்!

"ரொப்பிடலாங்ணா!"

"கியாஸ் தீந்துபோச்சுங்ணா, ரொப்பிடலாம்" என்பார்கள் பட்டறையில். டீசல் மாதிரி இது செலவாகிற சரக்கு அல்ல. உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. சீக்கிரமே குளிர் குறைகிறது என்றால், ஓசிலோ, சீலிலோ, கண்டென்சரிலோ ஓட்டை என்று அர்த்தம். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும் லாரியில் இணைப்புகள் தளர்வது சகஜம்.

ரிப்பேருக்காகப் பைப்பைக் கழற்றி "புஸ்" என்று கியாஸை வெளியே விடக் கூடாது. அதை உறிஞ்சிப் பிடித்து வைக்க மிஷின் இருக்கிறது. திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். நெருப்புப் பக்கம் போனால் நச்சு ஆவி வரும்.

செலவு மிச்சம் என்று சமையல் கியாஸை ஏற்றுவது உயிருக்கே உலை. கசிந்த கேபினுக்குள் ஒரு பீடி பற்ற வைத்தால் போதும்!

ஓட்டையை அடைக்காமல் கியாஸ் ரொப்புவது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிக்கிற கதைதான். ஓனருக்குக் காசு தண்டம். டிரைவருக்கு மறுபடியும் அதே அடுப்பு. வெளியே போன கியாஸோ, அடுத்த சித்திரை வெயிலுக்குச் சூடு ஏற்றும்!