கைரோபிராக்டிக்கும் நேரிய கொண்ணிலையும்

எம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். அவர்கள் ஊருக்கு வந்து எம்மோடு அளவளாவும்போது அடிக்கடி காதில் விழும் சொற்களுள் ஒன்று 'கைரோபிராக்டர்' என்பது. நாள் முழுதும் கணினியின் முன்னும் வாகனத்தின் சாரதி இருக்கையிலும் இருந்து நாரி நொந்தவர்கள் அவரிடம் போகின்றனர். சிலர் சுகம் பெற்றோம் என்கின்றனர். வேறு சிலரோ, கூனிய முதுகு நிமிர்வதற்கென ஓராண்டுச் சிகிச்சைக்குரிய பணத்தை முன்னரே கட்டிவிட்டோம் என்கின்றனர். முன்னவர் கூற்றில் உண்மை உண்டு. பின்னவர் கட்டிய பணத்துக்கு எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கொண்ணிலையாவது உடலை நாம் தாங்கி நிறுத்தும் முறை. நிற்றல், இருத்தல், நடத்தல், கிடத்தல் என்னும் நான்கினும் அஃது உண்டு. அதற்கு அச்சாய் விளங்குவது முள்ளந்தண்டு. கழுத்தில் 7, மார்பின் பின்னே 12, நாரியில் 5, அதன் கீழ் ஒட்டி ஒன்றான 5, அடியிற் பெரும்பாலும் 4 ஆக 33 என்புகளால் ஆயது அது. வகுப்பிலே "நேராய் இரு" என்று மாணவரை நாள்தோறும் அதட்டுகின்றோம். ஆயின் முள்ளந்தண்டு நேரான கோலன்று. பக்கத்தில் நின்று நோக்கின், கழுத்திலும் நாரியிலும் முன்னோக்கியும், மார்பின் புறத்தே பின்னோக்கியும் வளைந்திருத்தல் தெரியும். பிறந்த குழந்தையின் முதுகோ முழுதும் ஒரே வில்லாய் வளைந்தது. மூன்று நான்கு மாதத்தில் அது தலையை நிமிர்த்தப் பழகுகையிற் கழுத்து வளைவும், எழுந்து நின்று தளர்நடை பயிலுகையில் நாரி வளைவும் திருத்தமாக உருப்பெறுகின்றன. நிமிர்ந்து நிற்றல் என்பது நாம் ஒவ்வொருவரும் குழந்தைப் பருவத்திற் பயின்றுகொண்ட ஒரு வித்தை என்க.

என்புகளுக்கு இடையே கசியிழையத்தாலான தட்டுகள் மெத்தைபோற் கிடக்கின்றன. பகல் முழுதும் உடற்பாரம் அழுத்துதலால் அவற்றிலுள்ள நீர் சிறிது வெளியேறும்; இரவிற் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறும். காலையில் அளந்தால் நாம் மாலையிலும் பார்க்க ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் உயரமாய் இருப்பது இதனாலேயாம். வளர்ந்தவரின் தட்டுகளுக்குட் குருதிக்குழாய்கள் இல்லையென்றே சொல்லலாம். சுற்றியுள்ள இழையத்திலிருந்து ஊறிவரும் சத்தே அவற்றுக்கு உணவு. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வருதல் அவ்வூறலுக்குத் துணைசெய்யும். ஆதலின், ஒருவன் கூனியிருக்கின்றானா நிமிர்ந்திருக்கின்றானா என்பதிலும் பார்க்க, எவ்வளவு நேரம் அசையாதிருக்கின்றான் என்பதே பெரிய கேள்வி. கூனியிருத்தல் ஒன்றே முதுகுநோவுக்குக் காரணமென்று ஆராய்ச்சியாளர் நிறுவவில்லை. அதட்டியே பழகிய எம்போன்ற ஆசிரியர்க்கு இது சற்று ஏமாற்றந்தான்.

நிற்க. கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அயோவா மாநிலத்து டேவன்போட் நகரில், 1895 ஆம் ஆண்டில். அதனைத் தோற்றுவித்தவர் டானியேல் டேவிட் பாமர். 1845 இற் கனடாவிற் பிறந்து, இளமையில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, பள்ளிக்கூட ஆசிரியராயும் பலசரக்கு வியாபாரியாயும் இருந்து, பின்னர் காந்தசிகிச்சை என்னும் பெயராற் கைகளை வைத்து நோய் தீர்க்கும் தொழிலில் இறங்கியவர் அவர். அவருடைய சிகிச்சை நிலையம் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லாட் என்பவருக்குப் பல ஆண்டுகளாய்க் காது மந்தம். அம்மனிதரின் முதுகிற் புடைத்திருந்த என்பொன்றைக் கையால் அழுத்தி இடத்தில் இருத்தியதும் செவிப்புலன் மீண்டது என்று பாமர் எழுதிவைத்தார். செவிக்குரிய நரம்போ மூளையிலிருந்து காதுக்குச் செல்வது. முதுகின் வழியே செல்வதன்று. ஆயினும் அந்நிகழ்ச்சியை முதலாகக் கொண்டே ஒரு மருத்துவமுறை எழுந்தது. கை, செயல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைப் புணர்த்தி அதற்குப் பெயரிட்டனர். 1897 இல் அதனைப் பயிற்றும் பாடசாலையும் டேவன்போட்டில் தொடங்கிற்று.

முள்ளந்தண்டென்புகள் இடம்பிசகி நரம்புகளை இடர்ப்படுத்துவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது பாமரின் கொள்கை. அனுமதிப்பத்திரமின்றி மருத்துவஞ் செய்தார் என 1906 இல் அவர் சிறையிலும் இருந்தார். 1913 இல் கன்சஸ் மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதற் சட்டம் இயற்றியது. 1974 இல் லூசியானா இறுதியாக அனுமதி வழங்கியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் தம்மை ஒதுக்கி ஒடுக்க முயன்றதென்று கைரோபிராக்டர் சிலர் 1976 இல் தொடுத்த வழக்கில், 1987 இல் நீதிமன்றம் சங்கத்துக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைக் காட்டி, விஞ்ஞானமே இம்முறையை ஏற்றுக்கொண்டது போலப் பேசுவாரும் உளர். அது பொருந்தாது. அங்கே தீர்க்கப்பட்டது வியாபாரப் போட்டிச் சட்டம் பற்றிய வழக்கேயன்றி மருத்துவ உண்மை பற்றியதன்று. பிரித்தானியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தொழிலை நெறிப்படுத்தற்கு அமைந்த சபையே, இடம்பிசகல் நோய்களுக்குக் காரணம் என்னும் கொள்கைக்கு ஆராய்ச்சிச் சான்று இல்லையென்று 2010 இல் அறிவித்துவிட்டது.

கொள்கை பிழைத்தமையாற் செய்முறை முழுதும் பயனற்றதாகிவிடாது. எம்மூர் முறிவு நெறிவுப் பரியாரியார் எண்ணெய் பூசிப் புக்கை கட்டுவது வேறு, இது வேறு. கைரோபிராக்டர் நோயாளியை ஒரு கட்டிலிற் கிடத்தி, இறுகிய மூட்டைக் கண்டு, அதனை அதன் அசைவெல்லை வரை கொண்டுசென்று, ஒரு கணத்திலே விரைவாயும் அளவாயும் தள்ளுவார். அப்போது 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். பிசகிய என்பு இடத்தில் வந்து விழுந்த ஓசை அது என்று பலர் நம்புகின்றனர். அன்று. மூட்டினுள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைதலால் வாயுக்குழி ஒன்று தோன்றுகின்றது. கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டொன்றை இழுத்து, அது நிகழும் கணத்தையே படம் பிடித்து 2015 இல் வெளியிட்டனர். மாணவர் பரீட்சை மண்டபத்தில் நெட்டி முறிக்கும்போது எழுவதும் இவ்வோசையே. ஓசை பெரிதாயிற்று என்பதனாற் சிகிச்சை நன்றாயிற்று என்று கொள்ளற்க.

இத்தள்ளுதலால் மூட்டின் அசைவு சில வேளை இலகுவாகும். சுற்றியுள்ள தசையின் இறுக்கமும் நோவும் தணியும். நாரிநோவுக்கு இது ஓரளவு பயன்தரும் என்பதை மருத்துவ உலகும் ஒப்புக்கொண்டுள்ளது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் நாரிநோவு பற்றி 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், தேகப்பயிற்சி முதலியவற்றோடு இதுவும் இடம்பெற்றுள்ளது. பயன் பெரிதன்று, ஏனைய நல்ல சிகிச்சைகளை ஒத்தது.

இனி, நெடுங்காலச் சிகிச்சை என்பதற்கு வருவோம். நோவு விட்டுவிட்டு வருவோர் சிலரிடம் சுவீடனில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. முதற் சிகிச்சையிலேயே நல்ல சுகம் கண்டவர்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினரை நோவு இல்லாதபோதும் குறித்த இடைவெளியில் வரச்செய்தனர். மற்றோரை நோவு கண்டபோது மட்டும் வரும்படி சொன்னார்கள். 2018 இல் வெளியான முடிவின்படி, முன்னவர்க்கு ஓராண்டில் நோவு தொல்லைப்படுத்திய நாள்கள் சராசரி 13 அளவிற் குறைந்தன. அதற்காக அவர்கள் மேலதிகமாகச் சென்றது ஏறத்தாழ இருமுறை. இருமுறைக்கும் நூறு முறைக்கும் உள்ள தூரத்தை வாசகர் நோக்குக. அன்றியும், அங்கே எண்ணப்பட்டவை நோவுள்ள நாள்களே; முதுகு எத்துணை நிமிர்ந்தது என்பது அன்று.

கொண்ணிலையை நாள் முழுதும் தாங்குபவை தசைகள்; அவற்றை ஆள்வது மூளையிற் படிந்த பழக்கம். பிறர் கை அரை மணி நேரம் செய்வதை, நாம் பதினாறு மணி நேரம் விழித்திருந்து செய்வது வென்றுவிடும். ஆகவே கைரோபிராக்டர் துணைசெய்யக்கூடிய இடம் இதுவே: நோவைத் தணித்து, இறுகிய கழுத்தையும் தோளையும் சிறிது இளக்கி, மனிதன் மீண்டும் நடக்கவும் பயிற்சி செய்யவும் இடங்கொடுத்தல். நல்ல கைரோபிராக்டர்கள் இதனை அறிவர். அவர்கள் முதுகுத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்து, இருக்கையையும் மேசையையும் பற்றி வினாவி, சில கிழமைகளில் "இனி நீர் வரத் தேவையில்லை" என்றும் சொல்வர். இயன்மருத்துவர் செய்வதும் பெரும்பாலும் இதுவே. ஆதலின் கைரோபிராக்டர் இல்லாத ஊரிலுள்ளார் எதையும் இழந்துவிடவில்லை.

பாடசாலைக்கு உரிய செய்தியும் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் உயர்தர வகுப்பு மாணவனுக்கும் ஒரே அளவு வாங்கும் மேசையும் போட்டால், ஒருவன் தொங்குவான், மற்றவன் மடங்குவான். இருவரையும் கூனுகிறாய் என்று கண்டிப்பதிற் பொருளில்லை. பாடம் மாறும்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் செய்தல் செலவில்லாத சிகிச்சை. வீட்டிற் கைத்தொலைபேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தலும் அத்தகையதே. ஒரு வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையுடையது, அது முன்னே சாயுந்தோறும் கழுத்தின் பின்தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கின்றது.

பழக்கத்தால் வரும் கூனல் வேறு, முள்ளந்தண்டு பக்கமாக வளைந்து முறுகும் நோய் வேறு. பின்னது பெரும்பாலும் விரைந்து வளரும் பருவத்தில் வெளிப்படும். பிள்ளையை முன்னே குனியச்செய்து பின்னே நின்று பார்த்தால், முதுகின் ஒரு பக்கம் மற்றதிலும் உயர்ந்து தோன்றும். இவ்வளைவைக் கையாற் தள்ளி நேராக்கலாம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்து 2013 இல் வெளியான ஆய்விலே, உடற்கவசம் அணிந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. அணியாதாருள் 48 பேருக்கே அவ்வாறாயிற்று. கவசம் வளரும் காலத்திலேதான் பயன்படும். ஆதலின் ஐயம் தோன்றினால் என்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காலந்தாழ்த்தாது காட்டுக. கைரோபிராக்டரிடம் கழிக்கும் மாதங்கள் திரும்பி வாரா.

வெளிநாட்டிலுள்ள எம் பழைய மாணவர்க்கு இன்னும் ஒன்று. கழுத்தைச் சடுதியாகத் திருப்பும் சிகிச்சையால், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. அவை மிக அரியன. எனினும் புதிதாய்த் தோன்றிய கடுங்கழுத்துநோவோ தலையிடியோ உள்ளபோது கழுத்தைத் திருப்ப இடங்கொடாதீர்கள். என்பு நலிந்த முதியோரும், புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றோரும் முதலில் தம் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். நாரிநோவோடு காய்ச்சலிருந்தாலும், கால் வலுவிழந்தாலும், தொடைகளின் உட்புறம் மரத்தாலும், சிறுநீர் கழிக்க இயலாது போனாலும் கைரோபிராக்டரிடம் அன்று, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும்.