பாட்டியின் உளியும் பேரனின் ஆங்கிலமும்

படிவம் ஐந்து மாணவர்களின் எஸ்.பி.எம். தேர்வு நெருங்க நெருங்க ஈப்போ வட்டார டியூஷன் வகுப்புகளில் ஒரு பட்டியல் கைமாறத் தொடங்கிவிடும். ‘பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ்’ என்று அதற்குப் பெயர். ப்ளெத்தோரா, யூபிக்விட்டஸ், மெட்டிக்குலஸ், கர்கான்டுவன் என்று வரிசையாகச் சொற்கள். பக்கத்தில் ஒற்றை வரியில் பொருள். கட்டுரையில் அங்கங்கே இவற்றைத் தூவினால் புள்ளி ஏறும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பெற்றோரும் இதையே நம்பி, வரும் சம்பளத்தில் ஒரு பங்கை டியூஷனுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள்.

அந்தப் பட்டியலின் பெயரிலேயே பிழை இருக்கிறது. ‘பொம்பாஸ்டிக்’ என்பது ஆங்கிலத்தில் பாராட்டு அல்ல. உள்ளே சரக்கில்லாத ஆடம்பரப் பேச்சைக் குறை சொல்லும் சொல். மலேசிய வகுப்பறைக்குள் வந்த பிறகுதான் அது பெருமைக்குரியதாக மாறிப்போனது. ‘ப்ளெத்தோரா’ என்றால் ‘நிறைய’ என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, எனக்கு நண்பர்கள் நிறைய என்று சொல்ல வந்து, வேண்டிய அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள் என்ற தொனியில் எழுதிவிடக்கூடும். இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லை அது வாழும் வாக்கியத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

பெரிய ஆங்கிலச் சொல் மேல் நம் வீடுகளுக்கு இருக்கும் ஏக்கம் நேற்று வந்ததல்ல. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. பிற்பாடு பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவியபோது ஆங்கிலம் துரையின் பங்களாவிலும் கிராணியின் ஆபீசிலும் குடியிருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அப்படி எழுந்த தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. ஆங்கிலப்பள்ளிகள் நகரத்தில் இருந்தன: ஈப்போவில் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளி, 1912-இல் செயின்ட் மைக்கேல்ஸ். பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாத தூரம். ஆனாலும் பெரட்டு (காலை ஆளெடுப்பு), செக்ரோல் (வருகைப் பதிவேடு), டிரசர் (தோட்டத்து மருந்துக்காரர்) என்று ஆங்கிலச் சொற்கள் லயத்து வாய்களில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. வேலை வாங்கும் ஆங்கிலம் லயத்துக்குள் வந்தது; படிக்கும் ஆங்கிலம் வரவில்லை.

பிறகு எல்லாம் மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்க சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1970 முதல் ஆங்கிலப்பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. இன்று தோட்டத்துப் பேரன் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்காக மூயெட் ஆங்கிலத் தேர்வில் உட்காருகிறான். ஆங்கிலம் அவனுக்கு மூன்றாவது மொழி.

அந்த மொழியின் சொற்களைக் கற்க எங்கே தொடங்குவது? வீட்டிலேயே தொடங்கலாம் என்பேன். அதே பட்டியலில் உள்ள ‘மெட்டிக்குலஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நுணுக்கத்தில் துளியும் தவறாத கவனம் என்று பொருள். பால்மரம் சீவிய பாட்டியிடம் கேளுங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சாய்வில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மட்டும் உளி எடுக்க வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இதை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவர் அவர். ‘என் பாட்டி மெட்டிக்குலஸான தொழிலாளி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பேரனுக்கு அந்தச் சொல் மறக்காது.

இன்னும் உண்டு. உளி போடும் வெட்டு ‘இன்சிஷன்’. அறுவை மருத்துவர் போடுவதும் அதே சொல்தான். பட்டையிலிருந்து பால் கசிவது ‘எக்ஸ்யூட்’. ஃபார்மிக் அமிலம் ஊற்றியதும் பால் உறைவது ‘கோஆகுலேட்’. உடலில் ரத்தம் உறைவதற்கும் மருத்துவ நூல்கள் அதையே எழுதுகின்றன. வளைத்து விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பும் ரப்பரின் குணம் ‘ரெசிலியன்ஸ்’. இன்று உளவியலாளர்கள், அடிபட்டாலும் மீண்டெழும் மனிதர்களுக்கு அதைச் சொல்கிறார்கள். தேர்வுத்தாளில் அந்நியமாகத் தெரியும் இந்தச் சொற்களுக்கு உரிய பொருள்கள் எல்லாம் நம் முன்னோர் கைபட்ட பொருள்கள். 2018-இல் பள்ளிகளுக்கு வந்த இறக்குமதி ஆங்கிலப் பாடநூல்களில் இந்த உலகம் இல்லை. ஆகவே அதை வகுப்பறைக்குக் கொண்டுவருவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

இன்னொரு சொத்தும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது, யாரும் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கான்செப்ட், கான்டெக்ஸ்ட், ஃபேக்டர், ஃபங்ஷன், ஸ்ட்ரக்சர், தியரி எல்லாம் அதில் உண்டு. படிவம் ஐந்து முடித்த மாணவன் இவற்றை கொன்செப், கொன்தெக்ஸ், ஃபக்தோர், ஃபுங்சி, ஸ்த்ருக்தூர், தெயோரி என்று மலாய்ப் பாடநூலில் ஏற்கெனவே படித்துவிட்டான். அறிவியலிலும் வரலாற்றிலும் அவன் தினம் கையாண்ட சொற்கள் அவை. மலாய்ப் பாடநூலில் இப்படிப்பட்ட சொற்களை அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டை எழுதிப் பார்த்தால், தெரியாது என்று அஞ்சிய ஆங்கிலத்தில் எவ்வளவு முன்பே தெரியும் என்பது அவனுக்கே புலப்படும். தமிழும் மலாயும் ஆங்கிலத்துக்குக் குறுக்கே நிற்கின்றன என்ற பேச்சை நான் ஏற்பதே இல்லை.

மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு நூறு சொற்களை விழுங்குவது வீண். மறதியை அளந்து பார்த்த ஜெர்மானியர் எபிங்ஹாஸ், நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே மனதில் நிற்கும் என்று 1885-லேயே காட்டிவிட்டார். நாவலையும் நாளிதழையும் தடையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்கிறது பால் நேஷனின் 2006-ஆம் ஆண்டுக் கணக்கு. எந்தப் பட்டியலும் அத்தனையைத் தராது, வாசிப்புதான் தரும். ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. ஒரே துறையைப் பற்றி நாலைந்து புத்தகம் தொடர்ந்து படிக்கும் பிள்ளைக்கு அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். சொல்லின் தொனியும், அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதும் அப்படித்தான் பிடிபடும்.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் நான்கும் தனித்தனித் தாள்கள். பேச்சுத் தாளுக்கு இந்த வாரமே ஒரு பயிற்சி செய்யலாம். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, காலைப் பெரட்டு முதல் ஸ்டோரில் பால் நிறுக்கும் வரை ஒரு நாள் வேலையைக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அகராதியோடு அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தட்டுப்படும் இடமெல்லாம் கற்க வேண்டிய சொல் இருக்கும். பால் வெட்டிய தலைமுறை முதுமையில் இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம்.