மலர் தேடிய மனிதர்

பூவையும் புழுவையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் உற்று நோக்குகிறோமா? உற்று நோக்கும் கண்களிலிருந்து இரக்கம் பிறக்கும் என்பதற்கு அமெரிக்க இயற்கை ஓவியர் வில்லியம் பார்ட்ரமின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

1739-ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகருக்கு அருகே, ஒரு குவேக்கர் குடும்பத்தில் அவர் பிறந்தார். குவேக்கர் என்போர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். அக்காலத்தில் அவர்களிடையே குருக்கள் இல்லை. மௌனமாய்க் கூடியமர்ந்து, உள்ளத்தில் பேசும் இறைவனுக்குச் செவிசாய்ப்பதே அவர்தம் மரபான வழிபாடு. அவர்கள் போரை வெறுப்பவர்கள். கோட்பாட்டில் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமைகள் பல உண்டு. எனினும் நன்மையை எங்குக் கண்டாலும் போற்றுதல் நம் கடமையன்றோ?

தந்தை ஜான் ஓர் உழவர். தாவர ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய தோட்டத்திலேயே வளர்ந்த வில்லியமுக்குப் பறவைகளையும் செடிகளையும் வரைவதில்தான் நாட்டம். வாணிகத்தில் ஈடுபட்டுத் தோல்வி கண்டார். 1766-இல் புளோரிடாவில் நிலம் பெற்று, தந்தை விலைக்கு வாங்கித் தந்த அடிமைகளைக் கொண்டு பயிரிட முயன்றார். அம்முயற்சியும் விரைவிலேயே பாழாயிற்று.

லண்டனில் வாழ்ந்த குவேக்கர் மருத்துவர் ஜான் பாதர்கில், அவருடைய ஓவியங்களின் அருமையை உணர்ந்து, ஆண்டுக்கு 50 பவுன் அளித்து உதவ முன்வந்தார். 1773 முதல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வில்லியம் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா பகுதிகளில் குதிரையிலும் ஓடத்திலும் அலைந்து திரிந்தார். செமினோல் பழங்குடி மக்களின் தலைவர் அவருக்கு ‘மலர் தேடுபவர்’ என்னும் பொருள்பட ‘பக் பக்கி’ எனப் பெயரிட்டார்.

அப்பயண நூல் 1791-இல் வெளிவந்தது. அதில் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சை உருக்குகிறது. உடன் வந்த வேடன் ஒரு தாய்க்கரடியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் குட்டி தாயின் உடலை முகர்ந்து, குழந்தையைப் போல் அழுதது. அதையாவது விட்டுவிடுமாறு வில்லியம் மன்றாடினார். வேடனோ அதையும் சுட்டுக் கொன்றான். அக்கொடுமையில் தமக்கும் பங்குண்டு என அவர் மனம் வருந்தி எழுதுகிறார்.

விலங்குக்காக நொந்த உள்ளம் மனிதனை மறக்கலாமா? பிலடெல்பியா குவேக்கர்கள் 1776-இல் தம் உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருத்தல் ஆகாது என விதித்தனர். ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் வாழ முயன்ற வில்லியமும், பிற்காலத்தில் அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்துத் தம் கைப்பட எழுதினார். தோட்டச் செடிப் பட்டியலின் பின்புறத்தில் எழுதிய அவ்வாசகத்தை அவர் அச்சேற்றவில்லை. அதனை உரக்கக் கூறியிருந்தால் இன்னும் நலமாயிருந்திருக்கும்!

அவர் விட்டுச் சென்ற உயிருள்ள நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு. 1765-இல் ஜார்ஜியாவின் அல்டமகா ஆற்றங்கரையில் தந்தையும் மகனும் ஒரு புதிய சிறுமரத்தைக் கண்டனர். பின்னாளில் அங்கு மீண்டும் சென்ற வில்லியம், அதன் விதைகளைக் கொணர்ந்து தோட்டத்தில் வளர்த்தார். வெண்மலர் பூக்கும் அம்மரத்துக்கு, குடும்ப நண்பர் பெஞ்சமின் பிராங்கிளினைச் சிறப்பிக்கும் வகையில் ‘பிராங்கிளினியா’ எனப் பெயரிட்டனர். 1803-க்குப் பின் அம்மரத்தைக் காட்டில் எவரும் கண்டதில்லை. இன்று உலகில் உள்ள பிராங்கிளினியா மரங்கள் யாவும் அத்தோட்டத்தின் வழித்தோன்றல்களே எனக் கருதப்படுகிறது. ஒரு கைப்பிடி விதை ஓர் இனத்தையே காத்தது!

1782-இல் தம்மைத் தேடி வந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியையும் அவர் ஏற்கவில்லை. தோட்டத்தில் உழைத்தும், அலெக்சாந்தர் வில்சன் போன்ற இளைஞருக்குப் பறவை ஓவியம் பயிற்றுவித்தும் வாழ்ந்து, 1823 ஜூலை 22-ஆம் நாள், 84-ஆம் வயதில், அத்தோட்ட இல்லத்திலேயே உயிர் நீத்தார்.

வாசக அன்பர்களே, நம் பிள்ளைகள் ஒரு தும்பியைப் பிடித்து நூல் கட்டும்போது அதட்டி விரட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். அருகே அமர்ந்து, அதன் சிறகை அவர்களுக்குக் காட்டுவோம். பார்க்கக் கற்ற பிள்ளை, வதைக்கத் துணியாது.